தேயிலை மலையில் சிக்லிட்: எந்த மீன், எந்தத் தொட்டி?

மலேசியச் சமவெளியில் மீன் வளர்ப்பவர்களில் பலர் ஹீட்டரைக் கையால் தொட்டே இருக்க மாட்டார்கள். கிள்ளானிலும் ஈப்போவிலும் தொட்டித் தண்ணீர் தானாகவே 27, 28 டிகிரியில் நிற்கிறது. அங்கே துள்ளி விளையாடிய மீனைப் பையில் கட்டிக்கொண்டு தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ கேமரன் மலைக்கு ஏறினால் நிலைமையே வேறு. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். பிரிஞ்சாங் அதற்கும் மேலே. பகலில் 22, 23 டிகிரி இருந்தாலும் இரவில் 15, 16-க்கு இறங்கிவிடும். கடைகளில் கிடைக்கும் சிக்லிட்களோ பெரும்பாலும் 24 முதல் 28 டிகிரிக்குள் வாழப் பிறந்தவை. ஆகவே, "முரட்டு சிக்லிட் வளர்க்க ஆசை, மூன்றடி அல்லது நான்கடித் தொட்டிதான் வைக்க முடியும், எதை வாங்கலாம்?" என்று கேட்டால் பொதுவாகச் சொல்லப்படும் பதில் இந்த மலைக்கு அப்படியே பொருந்துவதில்லை. மீனின் குணத்தையும் தொட்டியின் அளவையும் பார்ப்பதோடு, குளிரையும் மலைத் தண்ணீரையும் சேர்த்து எடைபோட வேண்டியிருக்கிறது.

சிக்லிட் என்றதும் ஏதோ அயல்நாட்டு அதிசயம் என்று தோன்றலாம். தமிழர் சமையலறைக்கு நன்கு பழகிய குடும்பம்தான் இது. பசார் மாலாமில் விற்கும் திலாப்பியா ஒரு சிக்லிட். தமிழ்நாட்டு ஏரி குளங்களில் ஜிலேபிக் கெண்டை என்று மலிந்துகிடப்பதும் அதுவே. கேரளத்துக் கரிமீனும் சிக்லிட்தான். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான சிக்லிட்கள் விரல்விட்டு எண்ணும் அளவே உண்டு, கரிமீன் அவற்றில் ஒன்று. உலகில் பெயரிடப்பட்ட இனங்கள் 1,600-ஐத் தாண்டும். பெரும்பான்மை ஆப்பிரிக்காவிலும் தென்அமெரிக்கா, நடுஅமெரிக்கா பகுதிகளிலும் வாழ்கின்றன. முட்டையையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டுப் போகாமல் காவல் காப்பது இந்தக் குடும்பத்தின் பொதுக்குணம். வளர்ப்பவர்கள் முரட்டுத்தனம் என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தக் காவலிலிருந்து பிறப்பது. காவலுக்கு ஓர் இடம் வேண்டும். இடம் என்று வந்தால் எல்லை வேண்டும். எல்லைக்குள் நுழைபவனை விரட்ட வேண்டும். ஆற்றில் விரட்டப்பட்ட மீன் ஓடித் தப்பிவிடும். மூன்றடிக் கண்ணாடிப் பெட்டியில் அது எங்கே ஓடும்? தோற்றவன் தப்ப வழியில்லாததால்தான் தொட்டிச் சண்டை கொலையில் முடிகிறது.

மீன்களின் சண்டையை ஆராய்ந்தவர்களில் கான்ராட் லாரன்ஸ் முக்கியமானவர். 1973-இல் நோபல் பரிசு பெற்ற அந்த ஆஸ்திரிய அறிஞர், மூர்க்கம் பற்றி 1963-இல் வெளியிட்ட நூலில் சிக்லிட் இணைகளைப் பற்றி எழுதியிருப்பது தொட்டி வைத்திருக்கும் எவருக்கும் பயன்படும். ஒரு தொட்டியைக் கண்ணாடித் தடுப்பால் பிரித்துப் பக்கத்துக்கு ஓர் இணையை விட்டால், ஆண் மீன் தன் கோபத்தையெல்லாம் தடுப்புக்கு அப்பால் தெரியும் அண்டைவீட்டான் மீது காட்டும். தன் பெட்டையோடு இணக்கமாக இருக்கும். நாளடைவில் தடுப்பில் பாசி படர்ந்து அண்டைவீட்டான் கண்ணில் படாமல் போனால், அந்தக் கோபம் பெட்டையின் பக்கம் திரும்பிவிடும். பாசியைத் துடைத்தால் மீண்டும் அமைதி. நம் வீட்டுத் தொட்டியில் ஓர் இணையை மட்டும் விட்டுவிட்டு "ஒரே இனம்தானே, ஏன் பெட்டையைக் கொல்கிறது?" என்று திகைப்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் ஃபெர்னால்டு நடத்திய ஆய்வுகள் இன்னொரு பாடத்தைத் தருகின்றன. டாங்கன்யிகா ஏரிப் பகுதியைச் சேர்ந்த ஒரு சிறு சிக்லிட்டில், ஆதிக்க ஆணை எடுத்துவிட்டால், அதுவரை மங்கிய நிறத்தில் ஒதுங்கிக் கிடந்த ஆண் சில நிமிடங்களிலேயே நிறம் ஏறி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தொட்டியில் அடாவடி செய்யும் மீனைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பவர் மறுநாளே புதிய அடாவடிக்காரனைச் சந்திப்பது இதனால்தான். ரொனால்ட் ஓல்ட்ஃபீல்டு 2011-இல் மைடாஸ் சிக்லிட்டை வைத்து வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. தொட்டியின் அளவையும் மீன்களின் எண்ணிக்கையையும் கொஞ்சம் கூட்டிக் குறைப்பதால் சண்டை குறையவில்லை. கணிசமாகப் பெரிய தொட்டியும், உள்ளே மறைவிடங்கள் நிறைந்த அமைப்பும் சேர்ந்தபோதுதான் குறைந்தது. இரண்டரை அடித் தொட்டியை மூன்றடியாக மாற்றினால் ஆஸ்கார் மீன் அடங்கிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

நடுத்தரத் தொட்டி என்று இங்கே சொல்வதை அளவோடு வைத்துக்கொள்வோம். நீளம் மூன்றடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் ஒன்றரை அடி என்றால் விளிம்பு வரை ஏறத்தாழ 190 லிட்டர் பிடிக்கும். அதே அகல உயரத்தில் நான்கடி நீளமானால் 255 லிட்டர். சரளையும் கண்ணாடியும் சேர்ந்து மூன்றடித் தொட்டியே 200 கிலோவைத் தாண்டும் என்பதால், பழைய லயத்து வீடுகளில் பலகைத் தரையை நம்பாமல் சிமெண்டுத் தரையில், சுவர் ஓரமாக வைப்பது நல்லது. வெளிச்சுவரைவிட உள்சுவர் சிறந்தது. குளிர் குறைவாகத் தாக்கும்.

இனித் தண்ணீர். தேயிலை அமில மண்ணில் செழிக்கும் பயிர். திதிவங்சா மலைத்தொடரின் கருங்கல்லிலிருந்து பிறந்த மண்ணும் அப்படித்தான், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இதன் வழியே வடிந்து வரும் தண்ணீர் மென்னீர். அமேசான் பக்கத்து மீன்களுக்கு இது பிடிக்கும். மெக்சிகோ முதல் நிகராகுவா வரையுள்ள நடுஅமெரிக்க மீன்கள் சற்றுக் கடினமான நீரை விரும்பினாலும் சமாளித்துக்கொள்ளும். மலாவி ஏரி மீன்களுக்கு இது ஒத்துவராது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மை செலவாகிறது. மென்னீரில் அந்தக் கையிருப்பே குறைவு. நிறையத் தின்று நிறையக் கழிக்கும் பெரிய சிக்லிட் இருந்தால் சில வாரங்களில் பி.எச். 6-க்குக் கீழே சரியும். அந்த நிலையில் பாக்டீரியாக்களின் வேலையும் மிகவும் மந்தமாகிவிடும். குளிர் அதை மேலும் மந்தமாக்கும். தண்ணீர் கண்ணுக்குப் பளிங்குபோலத் தெரியும், மீன் மட்டும் மூலையில் சோர்ந்து நிற்கும்.

தீர்வு மலையடிவாரத்திலேயே இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் சுண்ணாம்புக் குன்றுகள். சிம்பாங் பூலாய் பக்கம் கல்லுடைப்பு ஆலைகள் உள்ளன. கழுவிய சுண்ணாம்புக் கல் ஒரு கைப்பிடி, அல்லது கடையில் விற்கும் பவளத்தூள், வலைப்பையில் கட்டி வடிகட்டிக்குள் போட்டால் போதும். மெதுவாகக் கரைந்து பி.எச். சரிவதைத் தடுக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்கறித் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் கேமரன் மலை ஓடைகளில் பூச்சிமருந்து எச்சங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். ஓடைத் தண்ணீரைக் குழாய் போட்டு இழுத்துப் பயன்படுத்தும் வீடுகளில் அதைத் தொட்டிக்கு விடக் கூடாது. குழாய் நீரானால் குளோரின் நீக்கும் மருந்து சேர்த்து விடலாம்.

குளிருக்கு வருவோம். அறை 17 டிகிரியில் இருக்க, மூன்றடித் தொட்டியை 26 டிகிரியில் வைத்திருக்க ஆகும் வெப்பத்தைக் கணக்கிட்டால், கண்ணாடியின் பரப்பைக் கொண்டு பார்க்கும்போது சராசரியாக 80 வாட்டுக்கு மேல் இடைவிடாமல் தேவைப்படுகிறது. ஒரு நாளைக்கு 2 யூனிட், மாதத்திற்கு 60 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். பகல் வெப்பம் இதில் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும். பின்புறமும் இரு பக்கங்களும் பாலிஸ்டிரின் அட்டை ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டால் இன்னும் நன்றாகக் குறையும். காய்கறி அனுப்பும் பெட்டிகளிலேயே அந்த அட்டை கிடைக்கும். 200 அல்லது 300 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்குவதைவிட 150 வாட் ஹீட்டர் இரண்டு வாங்குவதே பாதுகாப்பு. ஒன்று பழுதானால் மற்றது தாங்கிப் பிடிக்கும். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் மீன் வெந்துபோகாது. பெரிய சிக்லிட்கள் கண்ணாடி ஹீட்டரை மோதி உடைத்துவிடும். ஆகவே பிளாஸ்டிக் கூண்டு போட்ட ஹீட்டராகப் பார்த்து வாங்க வேண்டும்.

தண்ணீர் மாற்றும் நாளில்தான் அதிக மீன்கள் நோயில் விழுகின்றன. 26 டிகிரித் தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக எடுத்துவிட்டு 17 டிகிரிக் குழாய் நீரை அப்படியே ஊற்றினால் தொட்டி ஒரே மூச்சில் 23-க்கு இறங்கிவிடும். வெண்புள்ளி நோய்க்கு இதைவிட நல்ல அழைப்பு வேறில்லை. 60 லிட்டர் புதுத் தண்ணீரில் ஆறரை லிட்டர் அளவு கொதிநீராக இருந்தால் கலவை ஏறத்தாழ 26-க்கு வரும். வாளியில் கலந்து, தெர்மோமீட்டர் வைத்துப் பார்த்து, பிறகு ஊற்ற வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு மீன் யார் என்று பார்ப்போம். முதலில் கான்விக்ட். உடலில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இருப்பதால் சிறைக்கைதி என்று பெயர் வந்தது. 10 முதல் 15 சென்டிமீட்டர்தான் வளரும், மூர்க்கமோ உடலைவிடப் பல மடங்கு. குவாத்தமாலா, ஹோண்டுராஸ் பக்கத்து ஓடைகளிலிருந்து வந்தது. மற்ற சிக்லிட்கள் சோர்ந்துவிடும் 22 டிகிரியிலும் இது தாக்குப்பிடிக்கும். மின்சாரம் போய்விட்ட ஓர் இரவைக் கடந்துவரக்கூடிய மீன் என்று இந்தப் பட்டியலில் நான் முதலில் சொல்லக்கூடியது இதுதான்.

ஒரு கவிழ்த்த மண் பூந்தொட்டியை வைத்துப் பாருங்கள். பெட்டை ஆணைவிடச் சிறியது, வயிற்றில் ஆரஞ்சுச் சாயல் இருக்கும். பெரும்பாலான மீன்களில் ஆணுக்குத்தான் வண்ணம், இங்கே அது பெட்டைக்கு. இரண்டும் சேர்ந்து வாயால் சரளையை அள்ளி அள்ளி வெளியே துப்பி வாசலை ஆழமாக்கும். பூந்தொட்டியின் உள்கூரையில் முட்டைகளை வரிசையாக ஒட்டிவைத்த பெட்டை, தலையைத் தூக்கி விசிறியபடியே நாளெல்லாம் நிற்கும். ஆண் வெளியே எல்லையில் ரோந்து போகும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாய் உதிர்ந்த இலைகளைப் புரட்டி அவற்றுக்குத் தீனி காட்டும். மாலையானால் வழிதவறியதை வாயில் அள்ளிக் கொண்டுவந்து கூட்டத்தில் துப்பும். இதைக் காணத்தானே நாம் மீன் வளர்க்கிறோம். மூன்றடித் தொட்டியில் ஓர் இணையை மட்டும் விட்டு, லாரன்ஸ் சொன்ன அண்டைவீட்டானுக்குப் பதிலாக ஆறேழு ஜயன்ட் டானியோக்களைச் சேர்க்கலாம். மேற்குத்தொடர்ச்சி மலை ஓடைகளிலும் இலங்கையிலும் உறவினங்களைக் கொண்ட இந்த வேகமான மீன், கான்விக்ட்டின் கோபத்தை வாங்கிக்கொண்டு மேல்மட்டத்தில் தப்பித்துத் திரியும், குளிரையும் தாங்கும். ஒரே குறை, குஞ்சுகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தர ஆள் இல்லாதவர்கள் தனி ஆணை மட்டும் வைத்துக்கொள்வதே நேர்மை.

ஃபயர்மவுத் வேறு மாதிரி. மெக்சிகோவின் யுகடான் பகுதியையும் பெலீஸ், குவாத்தமாலாவையும் சேர்ந்தது, 15 சென்டிமீட்டர். எதிரியைக் கண்டதும் தொண்டைச் சவ்வை விரித்து, செவுள்களைப் புடைத்துச் செக்கச்செவேலென்று நிற்கும். பார்ப்பவருக்குப் பயங்கரம், ஆனால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும், கடி குறைவு. மூர்க்கத்தின் காட்சியை விரும்பி இரத்தத்தை விரும்பாதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மீன் மூன்றடியில் இல்லை. கான்விக்ட்டோடு மட்டும் சேர்க்கக் கூடாது. ஃபயர்மவுத்தின் மிரட்டலைக் கான்விக்ட் மதிப்பதில்லை. வெப்பம் 24-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீல அக்காராவையும் இங்கேயே சொல்லிவிடலாம். வெனிசுவேலா, டிரினிடாட் பக்கத்து மீன், நம் மென்னீருக்கு ஒத்தது, 15 சென்டிமீட்டருக்குள் அடங்கும். முரட்டு மீன் என்று இதைச் சொல்ல முடியாது, முட்டையிடும் காலத்தில்தான் கோபம் வரும். முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்த படியில் ஜாக் டெம்சி. 1919 முதல் 1926 வரை உலகக் கனரகக் குத்துச்சண்டைப் பட்டத்தை வைத்திருந்தவரின் பெயரையே இதற்கு வைத்தார்கள். 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். நீலப்பொட்டுகள் மின்னும் வளர்ந்த ஆணை நான்கடித் தொட்டியில் தனியாக வைப்பது நியாயம். மூன்றடியில் இரண்டு வைப்பது ஒன்றைக் கொல்வதற்குச் சமம். ஈக்வடார், பெரு நாடுகளின் கிரீன் டெரரும் அப்படியே. சால்வினி அழகிலும் கடியிலும் கான்விக்ட்டுக்கு அண்ணன். நான்கடியில் ஓர் இணை தாங்கும்.

ஆஸ்கார் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கடையில் விரல் நீளத்தில் நிற்கும் குஞ்சு, கையிலிருந்து உணவு வாங்கும் அளவுக்குப் பழகும், எஜமானை அடையாளம் கண்டு ஓடிவரும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் 25 சென்டிமீட்டரைத் தாண்டி, முழு வளர்ச்சியில் 30-க்கு மேல் போகும். ஒன்றரை அடி அகலத் தொட்டியில் அந்த உடம்பு திரும்பவே சிரமப்படும். குளிரில் செரிமானம் கெட்டு வயிறு ஊதும். நடுத்தரத் தொட்டிக்கு ஆஸ்கார் வேண்டாம். ஜாகுவார் சிக்லிட், ரெட் டெவில், மைடாஸ் மூன்றுக்கும் அதே பதில், இன்னும் அழுத்தமாக.

ஃபிளவர்ஹார்னை அப்படி ஒரே வரியில் தள்ளிவிட முடியாது, அது மலேசியாவிலேயே பிறந்த மீன். நடுஅமெரிக்க சிக்லிட் இனங்களைக் கலந்து 1990-களின் பிற்பகுதியில் இங்கே உருவாக்கப்பட்டு, லூ ஹான் என்ற பெயரில் நாட்டையே ஆட்டிப்படைத்தது. நெற்றித் திமில் பெரிதாக இருந்தால் அதிர்ஷ்டம், உடல் பக்கத்திலுள்ள கறுப்புப் புள்ளிகளில் சீன எழுத்துத் தெரிந்தால் இன்னும் அதிர்ஷ்டம் என்று விலை ஏறியது. தமிழ்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அதுவே வாஸ்து மீன் ஆனது. மோகம் 2000-களின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு விலை விழுந்தபோது ஏராளமான மீன்கள் குளங்களிலும் ஆறுகளிலும் கொட்டப்பட்டன. நான்கடித் தொட்டியில், தனி மீனாக, கூண்டு போட்ட ஹீட்டரோடு, வாரந்தோறும் தண்ணீர் மாற்றும் உறுதியோடு வளர்ப்பதானால் வளர்க்கலாம். ஆளைப் பார்த்து ஆடும், விளையாடும், பத்தாண்டு வாழும். மூன்றடியில் வேண்டாம்.

மலாவி ஏரியின் எம்பூனா மீன்கள் வண்ணத்தால் மயக்கும். மஞ்சள், நீலம், கறுப்புப் பட்டை என்று கடல் மீன்களுக்கே சவால் விடும். இவற்றின் சண்டையை அடக்கும் முறை மற்ற சிக்லிட்களுக்கு நேரெதிர்: கூட்டமாக விட வேண்டும். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெட்டைகள், பாறை அடுக்குகள் நிறைய, எவனும் ஒருவனையே குறிவைக்க முடியாத நெரிசல். அந்த நெரிசலுக்கு வலுவான வடிகட்டி வேண்டும். பி.எச். 7.8-க்குக் குறையாத கடின நீரும் வேண்டும். நமக்கு ஒவ்வொரு வாளித் தண்ணீரையும் பவளத்தூளாலோ உப்புக் கலவையாலோ மாற்றி எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு மாதம் ஆர்வமாகச் செய்வோம், மூன்றாவது மாதம் கைவிடுவோம். தினமும் நேரம் ஒதுக்கக்கூடியவர்களுக்கு மட்டுமே இதைச் சிபாரிசு செய்ய மனம் வருகிறது.

ஹீட்டரே இல்லாமல் ஏதாவது சிக்லிட் உண்டா என்று கேட்பவர்களும் உண்டு. உண்டு: உருகுவே, தென்பிரேசில், அர்ஜென்டினாப் பகுதிகளின் சான்சிட்டோ. குளிர்காலம் உள்ள நாட்டு மீன், நம் மலைக் குளிர் அதற்குச் சாதாரணம். ஐரோப்பியர் வீட்டுத் தொட்டிகளுக்கு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே போன முதல் சிக்லிட்களில் ஒன்று. கடைகளில் எளிதில் அகப்படாது. கிடைத்தால் நான்கடித் தொட்டியில் ஓர் இணைக்கு இதைவிட இயல்பான இடம் மலேசியாவில் வேறெங்கும் அமையாது. குளிரிலும் வாழும் என்ற அதே காரணத்தால், இது ஓடைக்குத் தப்பிப்போனால் விளைவும் பெரிது.

அதைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். வீடு மாறும்போது, மீன் வளர்ந்துவிட்டபோது, பலர் ஓடைக்குத்தான் போகிறார்கள். "குளிரில் எப்படியும் செத்துவிடும்" என்ற சமாதானம் வேறு. ஓடை மலையிலேயே நின்றுவிடுவதில்லை. பெர்த்தாம் ஆறு தெலோமில் சேர்ந்து, ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றை அடைகிறது. ரிங்லெட் நீர்த்தேக்கத்துத் தண்ணீரோ மின் நிலையத்துக்காகச் சுரங்க வழியே மலையைக் கடந்து பேராக்கின் பத்தாங் பாடாங் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. ஒரே இடத்தில் விட்ட மீனுக்கு இரண்டு மாநிலங்களின் சூடான ஆறுகள் திறந்துகிடக்கின்றன. மலேசிய ஆறுகளிலும் பழைய ஈயக் குட்டைகளிலும் பீகாக் பாஸும் ஃபிளவர்ஹார்னும் ஏற்கெனவே குடியேறிவிட்டன. கெலா போன்ற நம் ஆற்று மீன்களின் குஞ்சுகள் அவற்றுக்கு இரை. வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், வளர்க்கும் இன்னொருவருக்குச் சும்மாவாவது கொடுங்கள். தண்ணீரில் மட்டும் விடாதீர்கள்.

மொத்தத்தில் என் முடிவு இது. மூன்றடித் தொட்டிக்குக் கான்விக்ட் இணை அல்லது ஃபயர்மவுத் இணை. புதியவர்களுக்கு நீல அக்காரா. நான்கடிக்கு ஒரே ஒரு ஜாக் டெம்சி, அல்லது ஒரே ஒரு கிரீன் டெரர், அல்லது ஒரே ஒரு ஃபிளவர்ஹார்ன். எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் தொட்டியை நிரப்பி, ஹீட்டரும் வடிகட்டியும் போட்டு, தினமும் சிட்டிகை மீன் உணவு தூவி, பாக்டீரியா வளர ஆறு வாரமாவது ஓடவிடுங்கள். மழை பெய்து குளிர்ந்த ஓர் இரவுக்குப் பிறகு, விடியற்காலையில் எழுந்து தெர்மோமீட்டரைப் பாருங்கள். 24-க்குக் கீழே காட்டினால், மீன் வாங்க ஈப்போவுக்கு இறங்குவதைத் தள்ளிப்போட்டு, இன்னொரு ஹீட்டர் வாங்குங்கள்.